கதவை மட்டுமா?

வணக்கம். கடவுள் உண்டு என்று நிரூபிப்பேன் என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆயாமார்கள் மன்னிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பேன் என்று பின்வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளும்தான்.

பானை இருந்தால் குயவன் இருப்பான், அப்படியென்றால் உலகத்தைச் செய்தவன் ஒருவன் வேண்டாமா? நம் சைவ சித்தாந்தத்தில் இது பழைய வாதம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தைக் காட்டித்தான் கடவுளை நிறுவுகிறார். அதே நூற்றாண்டில் மேற்கே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனார். அப்புறம் 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் வந்து, பானை செய்வதைப் பார்த்திருக்கிறோம் சரி, உலகம் செய்வதை யார் பார்த்தது என்கிற மாதிரி மடக்கினார். அதற்கு நல்ல பதிலை நான் இன்னும் கேட்டதில்லை. பதில் கிடைத்தாலும் மிஞ்சுவது ஒரு குயவன்தான், நாம் அழுதால் அவன் காதில் விழுமா என்பது வேறு வழக்கு.

தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பன் நகரத்தில் வாழும் நமக்கு அந்த வழக்குதான் முக்கியம். இங்கே உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம்மவர்கள் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் 1755 நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குப் பெரிய திருநாள், அன்று வந்த நிலநடுக்கத்தில் பூசையில் இருந்தவர்கள் தலையிலேயே தேவாலயங்கள் இடிந்து விழுந்தன. வல்லவன், நல்லவன் என்கிறோமே, தன் வீட்டையே ஏன் விட்டான்?

வினைப்பயன் என்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400 பேருக்கு மேல் செத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் இது உன் பழைய வினை அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. ஆற்றோரத்தில் தகரக் குடிசை போட வைத்தது முற்பிறவி இல்லை, மேட்டில் இடம் கிடைக்காத ஏழ்மை. அந்தப் பாதிக் கணக்கு மனிதன் தலையில்தான். சரி, மழையை யார் கணக்கில் எழுதுவது? நாத்திகர் அங்கேதான் விடாமல் நிற்கிறார், நியாயமாகத்தான் நிற்கிறார்.

பழைய உம்பிலோ கோயிலிலிருந்து மீட்ட கதவுகள் இன்று டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில், 1947-இல் எழுந்த அம்பலவாணர் ஆலயத்தில் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, பார்த்தாயா, அவன் காப்பாற்றினான் என்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: கதவை மட்டுமா?

கேள்வி இருந்தால் கேளுங்கள், சோறு ஆறுவதற்குள்.