டிரம்ஸ் இல்லாத பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸில் பழைய பாட்டு கேட்கிறவர்கள் எல்லோருக்கும் ழாக் துத்ரோனையும் பிரான்சுவாஸ் ஆர்தியையும் தெரியும். 1960களில் கொடிகட்டிப் பறந்தவர்கள். அவர்களுடைய மகன் தோமா துத்ரோன், 1973இல் பிறந்தவர். பெற்றோர் பெயரைச் சொல்லி இருபது வயதிலேயே பாட வந்திருக்கலாம். ஆனால் முதல் சொந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 34.

அதுவரை என்ன செய்தார்? கிட்டார் வாசித்தார், பெரும்பாலும் பிறருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. ஜாங்கோ ரைன்ஹார்டின் இசை அவரை அப்படிப் பிடித்துக்கொண்டது. மனூஷ் என்ற ஜிப்சி இனத்தில் பிறந்த ஜாங்கோ, 1928இல் தன் வண்டிவீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தும், ஜாஸ் கிட்டாரையே புரட்டிப்போட்டவர். பாரிஸை ஒட்டிய சாந்துவான் பழம்பொருள் சந்தைப் பக்கத்துக் கடைகளில் அந்த வாசிப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. தோமா பாடம் படித்த இடங்களில் அதுவும் ஒன்று. அப்புறம் பிரெலி லாக்ரேன் போன்ற கிட்டார் மேதைகளோடும் வாசித்தார்.

இந்த வாசிப்பில் தாளத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். 1934இல் ஜாங்கோ தொடங்கிய குழுவில் டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையையும் கிட்டாரே செய்தது. நான்கு அடியில் ஒன்றும் மூன்றும் லேசாக விழும். இரண்டிலும் நான்கிலும் கம்பிகளைச் சட்டென்று தட்டி, இடது கையைத் தளர்த்தி ஒலியை அங்கேயே அடக்கிவிடுவார்கள். இதைப் ‘பொம்ப்’ என்பார்கள். அந்த அடக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி பிறக்கிறது.

ஷான்சோன் எனப்படும் பிரெஞ்சுப் பாட்டுக்கு வரிகள்தான் உயிர். சொல் காதில் விழாவிட்டால் பாட்டே இல்லை. தோமாவுக்குப் பெரிய குரல் கிடையாது; பேசுவதுபோல்தான் பாடுவார். அந்தக் குரலும் தெளிவாகக் கேட்கிறதென்றால், அந்த இடைவெளிதான் காரணம் என்பேன். பல வருடம் பக்கவாத்தியமாக இருந்தவருக்கு எங்கே ஒதுங்க வேண்டும் என்று கைக்கே தெரியும்.

2007இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, ‘கிட்டார் இல்லாத மனூஷ் போல’ என்று பொருள்படுவது, 2009இல் பிரான்ஸின் விக்துவார் விருதில் சிறந்த பாடலானது. 2020இல் உலகறிந்த பிரெஞ்சுப் பாட்டுகளை டயானா க்ரால், இக்கி பாப் முதலானோரோடு பாடினார். 2022இல் அப்பாவும் மகனும் சேர்ந்தே ஒரு ஆல்பம் போட்டார்கள். அந்தப் பெயரோடு நிற்க இப்போது அவருக்குத் தயக்கமில்லை என்றே எனக்குப் படுகிறது.

சரி, அடுத்து அவருடைய பாட்டு ஒன்று ஒலிக்கப்போகிறது. முதல் தடவை குரலை விட்டுவிட்டு, இரண்டாவது, நான்காவது அடிகளை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.