அடிபட்டதற்கு மறுநாள்: ஏற்காடு மலைப்பாதையிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுப் பாதையில் 18-வது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். மொத்தம் 20 வளைவு இந்தப் பாதையில். பனி விலகும்போது கீழே சேலம் தெரியும், தெரிந்தால் காட்டுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், காபிப் பழம் பறிக்கும் கார்த்திகை மாதத்தில், இதோ இந்தத் தடுப்புச் சுவர் ஓரத்தில்தான் ஸ்கூட்டரோடு விழுந்தேன். சில்வர் ஓக் இலை ஈரத்தில் ஊறிக் கிடந்தது, பின் சக்கரம் வழுக்கிவிட்டது. ஆனால் இன்றைக்குப் பேச வந்தது கதைகளில் வரும் காயங்களைப் பற்றி. தொடர்கதை எழுதுகிறவர்கள், ரோல்பிளே ஆடுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் கேளுங்கள்.

ரோல்பிளே என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பாத்திரம். டெலிகிராமில் மாற்றி மாற்றி எழுதி ஒரே கதையை நகர்த்துகிறோம். எங்கள் கதை பாளையக்காரர் காலத்தில், ஒரு கற்பனைக் கோட்டையில் நடக்கிறது. போன வாரம் எங்களில் ஒருவருடைய வீரனுக்கு விலாவில் கத்தி கிழித்துவிட்டது. ரத்தம், அலறல், எல்லாம் அருமையாக எழுதியிருந்தார். அடுத்த பதிவில் அதே வீரன் கோட்டைச் சுவர் ஏறிக் குதிக்கிறான். கதையில் ஒரு ராத்திரிதான் கடந்திருக்கிறது!

எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் இந்த இடத்துக்கே வந்து பேசலாம் என்று தோன்றியது.

நான் விழுந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். விழுந்ததும் வலி இல்லை. எழுந்து நின்று முதலில் போன் எங்கே என்றுதான் தேடினேன். உடம்பு அந்த நேரத்துக்குச் சுரக்கும் அட்ரினலின் வலியை மறைத்துவிடும். அப்புறம் வண்டியைத் தூக்க இடது கையைக் கொடுத்தேன். தோளுக்கு உள்ளே ஏதோ நறநறவென்று உரசியது. சத்தமாகக் கேட்கவில்லை, உள்ளுக்குள் தெரிந்தது. அந்த நொடியே வயிற்றைப் புரட்டியது, நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. மேலே ஏறி வந்த லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணன் ஒருவர் ஓடி வந்தார். "உட்காரு பாப்பா, கையை ஆட்டாதே" என்று சொல்லித் தன் துண்டை எடுத்து என் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். காலர் போன், அதாவது காறை எலும்பு, முறிந்திருந்தது.

இதுவரை எந்தக் கதையிலும் வந்துவிடும். அப்புறம் வந்த ஆறு வாரம்தான் கதைகளில் வருவதே இல்லை. முதல் பத்து ராத்திரி படுக்க முடியவில்லை, ஈசிச் சேரில் சாய்ந்தபடிதான் தூங்கினேன். தும்மல் வரப்போகிறது என்று தெரிந்தால் பயம். இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வரும். பற்பசைக் குழாயை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பிதுக்குவேன். பாவாடை நாடாவை ஒற்றைக் கையால் முடிய முயற்சி செய்து பாருங்கள், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டால்கூட இறுகாது. அம்மா என்னை முன்னால் உட்கார வைத்து, "தலையை நிமிர்த்து கண்ணு" என்று சடை பின்னிவிடுவார். 27 வயதில் அந்தச் சடைக்குத்தான் அழுதேன், எலும்புக்கு அழவில்லை.

உங்கள் பாத்திரத்துக்கு அடிபட்டால் இதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். மறுநாள் காலையில் அவன் வேட்டி எப்படிக் கட்டுவான்? யார் கட்டிவிடுவார்கள்? அவனுக்கு அது கூச்சமா, ஆறுதலா? அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அந்த வேட்டி மடிப்பிலேயே வந்துவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டைப் பிடிக்கும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1930-களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டூடியோ. சண்டைக் காட்சி என்றால் உயிர், நம் ஊருக்கும் எனக்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் தோளில் குண்டு பட்டால் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சண்டை போடலாம் என்ற நம்பிக்கை நமக்குத் திரையிலிருந்துதான் வந்தது. காறை எலும்புக்கு அடியில்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, விரல் வரை போகும் நரம்புக் கொத்தும் அங்கேதான். குழாய் அறுந்தால் சில நிமிஷத்தில் உயிர் போகலாம். கையில் கட்டுவது போல அங்கே இறுக்கிக் கட்டவும் வழியில்லை. பிழைத்தாலும் விரல்கள் மடங்காமலே போகலாம். வாள்வீரன் ஒருவனுக்கு அப்படி ஆனால், அதிலேயே ஒரு முழுக் கதை இருக்கிறது.

தலையில் அடிப்பதும் அப்படித்தான். உலக்கையால் ஒரு தட்டு, காவல்காரன் ஒரு மணி நேரம் மயக்கம், அப்புறம் எழுந்து தலையைத் தடவிக்கொள்வான், அவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் சாதாரண அதிர்ச்சி மயக்கம் சில நொடிகளிலோ, சில நிமிஷத்திலோ தெளிந்துவிடும். ஒரு மணி நேரம் நினைவு திரும்பவில்லை என்றால் மூளைக்கு உள்ளே பெரிய ஆபத்து. தெளிந்தவனும் சரியாகிவிடுவதில்லை. வாந்தி எடுப்பான், வெளிச்சம் பட்டால் கண் கூசும், "நான் எப்படி இங்கே வந்தேன்?" என்று கேட்டு, பதில் வாங்கி, ஐந்து நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்பான். இன்னொன்றும் உண்டு. மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கசிந்தால், எழுந்து நன்றாகப் பேசிய ஆள் சில மணி நேரம் கழித்துத் தூக்கம் போல மெல்லச் சரிந்துவிடுவான். "நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தான்" என்று சுற்றி இருப்பவர்கள் திகைப்பார்கள். அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

ரத்தத்துக்கு ஒரு அளவு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர். ரத்த தானத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள், ஜூஸ் குடித்துவிட்டு எழுந்து வருகிறோம். முக்கால் லிட்டர் வரை உடம்பு ஓரளவு தாங்கும். அதைத் தாண்டினால் நாடி ஓடும், கை கால் சில்லிடும், தாகம் எடுக்கும், காரணம் தெரியாத பதற்றம் வரும். 2 லிட்டர் போய்விட்டால் உயிருக்கே போராட்டம். அப்புறம், குத்திய கத்தியைப் பிடுங்க வைக்காதீர்கள். பல நேரம் அந்தக் கத்திதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஒன்று. "அவள் முகம் தாள் போல வெளுத்தது", "கன்னம் ஊதா நிறமாகக் கன்றியது" என்று எழுதுகிறோம். யாருடைய முகம் அது? நம் ஊர் மாநிறத் தோலில், கறுத்த தோலில் வெளிறல் அப்படித் தெரியாது. உதடு, நகம், உள்ளங்கை, இதில்தான் பார்க்க வேண்டும். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாரே, அதற்குத்தான். முகத்தில் ஒரு சாம்பல் பூத்த சாயல் வரும், அதை எழுதலாம். ரத்தக்கட்டும் நம் தோலில் முதலில் கருமை கூடியதாகத்தான் தெரியும். நிறத்தைவிட வீக்கமும் தொட்டால் வலியும் முதலில் தெரியும். நெற்றியில் அடிபட்டால் ஓரிரு நாளில் ரத்தம் கீழே இறங்கி இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்து வீங்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. கண்ணில் அடியே படவில்லை, மறுநாள் கண்ணாடியைப் பார்த்து நானே பயந்துபோனேன்.

பழைய காலத்துக் கதை என்றால் அடிபட்ட மூன்றாம் நாளை மறக்காதீர்கள். காயத்தைச் சுற்றிச் சூடு, சிவப்பு, நாற்றம், சீழ், காய்ச்சல். ஆறிவிட்டது என்று நினைத்த சின்னக் கீறலில் ஒரு வாரம் கழித்துத் தாடை இறுகினால் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துத்தான் கட்டு. புறநானூற்றில் அரிசில் கிழார் பாட்டு ஒன்று இருக்கிறது, 281-வது. புண்பட்ட கணவனைக் காக்க ஒரு பெண் தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் வேப்பந்தழை செருகி, வெண்கடுகு தூவி, யாழும் குழலும் இசைத்து, மணி அடித்து, நறும்புகை போட்டுக் காவல் இருக்க அழைக்கிறாள். அந்தப் பாட்டில் வாள்வீச்சு கிடையாது. காயம் பட்டபின் அந்த வீட்டில் நடப்பது மட்டும்தான். நம் ஆட்கள் அன்றைக்கே எழுதிவிட்டார்கள்.

சரி, எங்கள் வீரன் என்ன ஆனான்? அவனை எழுதுகிறவரை நேரில் கூப்பிட்டுப் பேசினோம். விலாவில் கிழிபட்டவன் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, முழு மூச்சு இழுக்க முடியாது, சுவர் ஏறவே முடியாது. அதனால் அந்த வேலையை என் பாத்திரம், ஒற்றுப் பார்க்கும் பெண், செய்தாள். அவன் திண்ணையில் சாய்ந்தபடி, வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, சுவரில் எந்தக் கல் ஆடும் என்று சொல்லிக்கொடுத்தான். அதுவரை அவளை நம்பாதவன் அவன். எங்கள் கதையிலேயே நல்ல காட்சி அதுதான் என்று ஐந்து பேரும் சொன்னோம்.

ரோல்பிளே ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அடுத்தவர் பாத்திரத்தைக் காயப்படுத்துமுன் அவரிடம் கேளுங்கள். எவ்வளவு விவரமாக எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். விபத்தில் சொந்தக்காரரை இழந்தவர் அந்தக் குழுவில் இருக்கலாம். நாங்கள் யாருக்கு என்றைக்கு அடி, எந்த இடத்தில், இன்றோடு எத்தனை நாள் என்று ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறோம்.

பனி மறுபடி ஏறுகிறது, சேலம் தெரியவே இல்லை பாருங்கள். இதோ, தோளுக்குக் கீழே இந்த மேடு, எலும்பு சேர்ந்த இடம். குளிர் அடித்தால் இப்போதும் லேசாக இழுக்கும். எங்கள் கதையில் அடுத்து வருவது மார்கழி. அந்த வீரன் விடியற்காலையில் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான்.