அப்பாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு மகன்

[திரையில்: சிற்றுண்டிக் கடை. கவுன்ட்டரை ஒட்டிய ஸ்டூல்களில் இரண்டு இளைஞர்கள். படம் உறைந்து நிற்கிறது.]

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆண்டு 1955. கலிஃபோர்னியாவில் ஹில் வேலி என்றொரு கற்பனை ஊர். பையன்கள் இருவரும் ஒரே மாதிரி கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பின்னங்கழுத்தைத் தேய்த்துக்கொள்கிறான். அடுத்தவன் கையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாசலிலிருந்து "ஏய் மெக்ஃப்ளை!" என்று ஓர் அதட்டல் கேட்கிறது. இரண்டு தலைகளும் சேர்ந்தே திரும்புகின்றன.

ஒருவன் அப்பா, மற்றவன் மகன். மகனுக்கு அது இப்போதுதான் உறைக்கிறது. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

[தலைப்பு அட்டை]

'பேக் டு தி ஃபியூச்சர்' 1985 ஜூலை 3 அன்று வெளியானது. இயக்கியவர் ராபர்ட் ஸெமெக்கிஸ். அவரும் பாப் கேலும் சேர்ந்து எழுதினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த படம் இதுதான். வசூலை விடுங்கள், அந்தக் காலத்தில் கொட்டிக் குவித்த எத்தனையோ படங்களை இன்று யாரும் சீண்டுவதில்லை. இந்தப் படத்தை மட்டும் அப்பா பிள்ளைக்குப் போட்டுக் காட்டுகிறார், பிள்ளையும் எழுந்து ஓடாமல் பார்க்கிறது. காரணம் கேட்டால் பெரும்பாலானவர்கள் காலம் தாண்டிப் போகும் அந்தக் காரைச் சொல்வார்கள். மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், துருப்பிடிக்காத எஃகு உடல், மணிக்கு 88 மைல் வேகம் தொட்டதும் தீக்கோடுகளை விட்டுவிட்டு மறைவது. நானும் சிறு வயதில் காருக்காகத்தான் பார்த்தேன். இப்போது பார்க்கும்போது அந்த ஸ்டூல்தான் கண்ணில் நிற்கிறது.

கதையின் விதையும் அங்கேதான் இருக்கிறது. பாப் கேல் தன் பெற்றோர் வீட்டில் அப்பாவின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பா அந்த வகுப்பின் மாணவர் தலைவராக இருந்தவர் என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. உடனே ஒரு சந்தேகம் வந்தது: இந்த ஆளோடு நான் ஒரே வகுப்பில் படித்திருந்தால், எங்களுக்குள் நட்பு இருந்திருக்குமா?

நம் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். மெலிந்த உடம்பு, அகலக் காலர் சட்டை, எதற்கோ பயந்த மாதிரி ஒரு பார்வை. "இது யார்?" என்று கேட்டால் "நான்தான்" என்பார் அப்பா. அந்த நொடியில் வரும் திகைப்பை இரண்டு மணி நேரம் கலையாமல் வைத்திருக்கிறது இந்தப் படம்.

[திரையில்: 1985. மெக்ஃப்ளை வீட்டுச் சாப்பாட்டு மேசை.]

ஸ்டூலில் இருந்த மகன் மார்ட்டி மெக்ஃப்ளைக்குப் பதினேழு வயது. நண்பர் டாக் பிரவுன் என்ற விஞ்ஞானி செய்த கால இயந்திரக் காரில் 1985இலிருந்து 1955க்குப் போய் மாட்டிக்கொள்கிறான். அப்பா ஜார்ஜ் எவர் முன்னாலும் நிமிர்ந்து பேசாதவர். மேலதிகாரி பிஃப் தன் அலுவலக அறிக்கைகளையும் அவர் தலையில் கட்டுகிறான். "உன் கையெழுத்திலேயே கொடுத்தால் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள்" என்று வேறு மிரட்டுகிறான். முப்பது ஆண்டு பின்னால் போனால் அதே பிஃப், அதே ஜார்ஜ், அதே வசனம். அறிக்கை இருந்த இடத்தில் வீட்டுப்பாடம், வேலை இருந்த இடத்தில் பள்ளிக்கூடம். முதல் முறை நமக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டாம் முறை அதே வார்த்தைகளைக் கேட்கும்போது அந்த மனிதர் முப்பது வருடமாக என்ன வாழ்க்கை வாழ்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

அம்மா லொரைன் கதை இன்னும் வேடிக்கை. "உன் வயதில் நான் எந்தப் பையன் பின்னாலும் போனதில்லை, நிறுத்திய காரில் ஒருவனோடு உட்கார்ந்ததும் இல்லை" என்று 1985இல் உபதேசம். 1955இல் அதே லொரைன், நிறுத்திய காரில், கையில் மதுப்புட்டியோடு. பக்கத்தில் பதறிக்கொண்டிருப்பவன் அவள் பெறப்போகும் மகன்!

இந்த விபரீதத்தைத்தான் ஸ்டுடியோக்களால் செரிக்க முடியவில்லை. திரைக்கதை நாற்பது முறைக்கு மேல் நிராகரிக்கப்பட்டதாக கேல் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மகன் மேல் மையலா, இதை எப்படி எடுப்பது என்று டிஸ்னி கைவிரித்தது. மற்ற இடங்களில் எதிர்ப்புகார்: அன்றைய இளைஞர் படங்களில் இருந்த விரசம் இதில் போதவில்லையாம். உண்மையில் ஒரே வசனத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறார்கள். லொரைன் முத்தமிட்டுவிட்டு விலகி, தம்பியை முத்தமிட்ட மாதிரி இருக்கிறது என்கிறாள். அவ்வளவுதான், அரங்கமே மூச்சு விடுகிறது.

நடிகர்களின் பிறந்த தேதியைப் பார்த்தால் கூத்து இன்னும் கூடும். மகனாக வந்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸைவிட அம்மாவாக நடித்த லீ தாம்ப்சன் ஒன்பது நாள்தான் மூத்தவர். அப்பாவாக வந்த கிறிஸ்பின் குளோவர், மகனுக்கு மூன்று வயது இளையவர்.

ஃபாக்ஸ் இந்தப் படத்துக்குத் தாமதமாக வந்தவர். முதலில் எரிக் ஸ்டோல்ட்ஸை வைத்துச் சில வாரங்கள் எடுத்தார்கள். நல்ல நடிகர், ஆனால் இதைச் சோகக் கதையாக நடித்தார். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1985 ஜனவரியில் அவரை மாற்றிவிட்டு ஃபாக்ஸை அழைத்தார்கள். பகலில் தொலைக்காட்சித் தொடர், இரவில் இந்தப் படம், நடுவில் காரில் தூக்கம். திரையில் மார்ட்டி எப்போதும் அரைத் தூக்கத்தில் எழுப்பிவிடப்பட்டவன் போலத் திருதிருவென்று விழிப்பதில் கொஞ்சமாவது நிஜம் இருந்திருக்க வேண்டும்.

[திரையில்: ஒரு துண்டுப் பிரசுரம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இப்போது ஒரு காகிதத்தைப் பார்ப்போம். இந்தப் படத்தின் கைத்திறன் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

மார்ட்டியும் காதலி ஜெனிஃபரும் ஊர்ச் சதுக்கத்தில் முத்தமிடப் போகும் நேரத்தில், ஒரு பெண்மணி உண்டியலைக் குலுக்கிக்கொண்டு குறுக்கே வருகிறார். "மணிக்கூண்டைக் காப்பாற்றுங்கள்!" முப்பது வருடத்துக்கு முன் இடி விழுந்து நின்றுபோன கடிகாரம் அது. ஆளை அனுப்பினால் போதுமென்று மார்ட்டி காசு போடுகிறான், பிரசுரம் ஒன்று கையில் திணிக்கப்படுகிறது. நமக்கு இது வெறும் நகைச்சுவை இடைஞ்சல். எவனாக இருந்தாலும் அந்தத் தாளை அடுத்த தெருவில் கசக்கி எறிந்திருப்பான். மார்ட்டி எறியவில்லை. ஏன் என்றால் ஜெனிஃபர் அதன் பின்பக்கத்தில் தன் பாட்டி வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு காதல் வரியையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம் 1955. கார் கிளம்ப 1.21 கிகாவாட் மின்சாரம் வேண்டும். டாக் பிரவுன் தலையில் கை வைக்கிறார். அவ்வளவு சக்தி மின்னலில்தான் உண்டு, மின்னல் எங்கே எப்போது விழும் என்று எவனுக்குத் தெரியும்? மார்ட்டியின் கையில் அந்தக் காகிதம் திரும்புகிறது. காதல் வரிக்கு மறுபக்கம்: நவம்பர் 12, இரவு 10 மணி 4 நிமிடம்.

கடன் கொடுத்ததே நமக்குத் தெரியாது, வட்டியோடு திரும்பி வருகிறது. முதல் அரை மணி நேரத்தில் வரும் ஒன்றுகூட வீணாவதில்லை. தொடக்கத்தில் கேமரா மெதுவாகக் கடந்து போகும் கடிகாரக் கூட்டத்தில் ஒரு கடிகாரத்தின் முள்ளில் குட்டி மனிதன் தொங்குகிறான். இறுதியில் டாக் மணிக்கூண்டில் அப்படித்தான் தொங்குகிறார். 'இரட்டைப் பைன்' என்று பெயர் கொண்ட வணிக வளாகத்திலிருந்து மார்ட்டி கிளம்புகிறான். போன இடத்தில் ஒரு பைன் கன்றின் மேல் காரை ஏற்றிவிடுகிறான். திரும்பி வந்தால் பெயர்ப்பலகையில் 'ஒற்றைப் பைன்'. யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. நான்காம் முறை பார்க்கும்போது தானாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டுவீர்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் எழுதிய வரைவுகளில் மணிக்கூண்டு உச்சக்காட்சியே கிடையாது. ஒரு கட்டத்தில் கால இயந்திரம் ஒரு குளிர்பதனப் பெட்டி. நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை நடக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோவதாக இறுதிக் காட்சி. படம் பார்த்த குழந்தைகள் வீட்டுப் பெட்டிக்குள் ஏறி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பெட்டி காராகியது. செலவு கட்டுப்படியாகாமல் அணுகுண்டும் போயிற்று. கையில் மிஞ்சியது ஸ்டுடியோவுக்குள்ளேயே போட்ட ஊர்ச் சதுக்கம், ஒரு கடிகாரம், ஒரு கம்பி. பணம் இருந்திருந்தால் இந்த உச்சக்காட்சி நமக்குக் கிடைத்திருக்காது. ஆபத்தான யோசனைகளும் வந்தன: படத்துக்கு 'புளூட்டோவிலிருந்து வந்த விண்வெளி மனிதன்' என்று பெயர் வைக்கச் சொல்லி யுனிவர்சல் தலைவர் சிட் ஷைன்பெர்க் குறிப்பு அனுப்பினார். தயாரிப்பில் இருந்த ஸ்பீல்பெர்க், நல்ல ஜோக், எல்லோரும் சிரித்தோம் என்று பதில் போட, பேச்சு அத்தோடு முடிந்தது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். காரில் லொரைனிடம் பிஃப் அத்துமீறுகிறான். அப்படிப்பட்டவனையே முப்பது வருடம் கழித்து வீட்டு வாசலில் கார் துடைக்கும் எடுபிடியாகக் காட்டிச் சிரிக்க வைப்பது இன்று நெருடுகிறது. கறுப்பினக் கலைஞர் சக் பெரியின் பாட்டை ஒரு வெள்ளைக்காரப் பையனிடமிருந்து அவர் கேட்டுக்கொள்வதாக வரும் ஜோக்கும் அப்படியே. முடிவில் குடும்பத்தின் மகிழ்ச்சியைப் புது வண்டியும் மெருகேறிய வீடுமாகக் காட்டியதைக் கிறிஸ்பின் குளோவரே அப்போது எதிர்த்தார். பண விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி.

இன்னொன்று. மார்ட்டி கடந்த தூரம் முப்பது ஆண்டு. படம் வந்து இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அவனுடைய வாக்மேனும் தோளில் சுமக்கும் வீடியோ கேமராவும் இன்றைய பிள்ளைகளுக்கு அருங்காட்சியகப் பொருட்கள். 1955ஐ அவன் பார்த்த மாதிரி அவர்கள் 1985ஐப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஸ்டூல் காட்சியில் அவர்களும் சிரிக்கிறார்கள்.

[திரையில்: மாறிப்போன 1985. வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி திறக்கப்படுகிறது.]

கடைசியாக இதைப் பாருங்கள். ஜார்ஜ் இளமையில் விண்வெளிக் கதைகள் எழுதி ஒளித்து வைத்தவர். யாராவது நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாதே என்று பயம். தன் பாட்டு ஒலிநாடாவை அனுப்ப மார்ட்டி பயந்ததும் அதே வார்த்தைகளில்தான். இப்போது பெட்டிக்குள் ஜார்ஜின் முதல் நாவல். அட்டையில் ஒரு காதல் ஜோடி, அவர்களுக்கு மேலே மஞ்சள் உடை அணிந்த வேற்றுக்கிரகவாசி. 1955இல் ஓர் இரவு தன் படுக்கையருகே வந்து மிரட்டிய அந்த உருவம் யார் என்று ஜார்ஜுக்கு இன்றுவரை தெரியாது. எதிரே நிற்கும் மகனுக்குத் தெரியும்.

புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா சொல்கிறார்: மனது வைத்தால் எதையும் சாதிக்கலாம், நான்தான் எப்போதும் சொல்வேனே! அந்த வரியை 1955இல் ஜார்ஜுக்குச் சொன்னவன் மார்ட்டி. மார்ட்டிக்குச் சொன்னவர் டாக். அப்பா அதை மகனுக்கே அறிவுரையாகத் திருப்பித் தருகிறார். மகன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொள்கிறான்.