விதைகளை அடுக்கிய பிறகே வரைபடம்

தொடக்கப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம். நம் கணக்குப் பாடநூல்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பெயரில் வரும், பொருள்களைப் பிரித்து, எண்ணி, எண்ணிக்கையைக் கட்ட வரைபடமாகக் காட்டப் பழக்கும் பகுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கையால் பிரித்து அடுக்கிப் பார்க்காத குழந்தையிடம் வரைபடத்தைக் கொடுத்தால், அது கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுமே தவிர எதையும் படிக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு தட்டில் புளியங்கொட்டையையும், கறுப்பு, வெள்ளைக் கொண்டைக்கடலைகளையும் கலந்து வையுங்கள். (அழகாயிருக்கிறதே என்று குன்றிமணியைச் சேர்க்க வேண்டா, அது கொடிய நஞ்சு.) எப்படிப் பிரிப்பதென்று சொல்லாதீர்கள். நிறம் பார்க்கும் குழந்தை கறுப்புக் கடலையைப் புளியங்கொட்டையோடு சேர்க்கும். வகை பார்க்கும் குழந்தை அதையே வெள்ளைக் கடலையோடு சேர்க்கும். இரண்டும் சரி. ‘ஏன் இங்கே வைத்தாய்?’ என்ற கேள்விக்குக் குழந்தை தன் வாயால் சொல்லும் காரணம்தான் இந்தப் பாடத்தின் உயிர்.

அடுத்து எண்ணுதல். ஒரு பொருளுக்கு ஓர் எண், எண்களின் வரிசை மாறாமை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்னும் நெறிகளை 1978-ல் உளவியலாளர்களான கெல்மனும் காலிஸ்டலும் வகுத்துக் காட்டினர். ஒன்று முதல் ஏழு வரை பிழையின்றிச் சொன்ன குழந்தை, ‘மொத்தம் எத்தனை?’ என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், மூன்றாவது நெறி இன்னும் கைவரவில்லை என்று கொள்ளலாம்.

வரைபடத்தில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. ஐந்து புளியங்கொட்டைகளையும் ஏழு கடலைகளையும் இடைவெளியின்றி வரிசையாக அடுக்கினால், புளியங்கொட்டை வரிசையே நீளமாக நிற்கும். நீளத்தை எண்ணிக்கையாகக் கொள்ளும் வயதுக் குழந்தை, புளியங்கொட்டைதான் அதிகம் என்று சொல்லும். ஆகவே தரையில் சாக்கட்டியால் ஒரே அளவுக் கட்டங்களை, ஒரே கோட்டில் தொடங்குமாறு போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக வைக்கச் செய்யுங்கள். பிறகு விதைக்குப் பதில் ஒரே அளவுத் தீப்பெட்டி, அதன்பின் தாளில் கட்டம் என்று படிப்படியாகப் போகலாம்.

‘எது அதிகம்?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘எத்தனை அதிகம்?’ என்று கேட்டால் பல குழந்தைகள் ‘ஏழு’ என்று மொத்தத்தையே சொல்வார்கள். அப்போது விடையைச் சொல்லித் தராமல், இரு வரிசைகளையும் ஒன்றுக்கொன்று இணை சேர்க்கச் சொல்லுங்கள். இணையில்லாமல் நிற்கும் இரண்டு கடலைகளைக் குழந்தையே தொட்டுக் காட்டட்டும்.