தண்ணிக்கு அடியில ரெண்டு மீட்டர், கடைசியில பத்து குண்டு: ராயல் மரைன்ஸ் பச்சைத் தொப்பி எப்படிக் கிடைக்குது?

வணக்கம் மக்களே!

ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகலான சுரங்கம். முழுக்கத் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு. உள்ள வெளிச்சம் கிடையாது, மூச்சு விட இடம் கிடையாது. உடம்புல 14 கிலோ சுமை, கையில துப்பாக்கி. இந்தப் பக்கம் முங்கி அந்தப் பக்கம் எழணும். இதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு "ஷீப் டிப்". ஆட்டை மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கிற தொட்டின்னு அர்த்தம்.

அவங்கன்னா யாரு? பிரிட்டன் கடற்படையைச் சேர்ந்த காலாட்படை, ராயல் மரைன்ஸ். வரலாற்றை வேகமா முடிச்சிடுவோம். 1664 அக்டோபர் 28, இரண்டாம் சார்லஸ் மன்னர் காலம். கப்பல்ல போய்ச் சண்டை போட 1,200 பேர். அப்புறம் போர் வந்தா சேர்க்கிறது, போர் முடிஞ்சா கலைக்கிறதுன்னு ஓடுச்சு. 1755-ல தான் 50 கம்பெனிகளோட (கம்பெனின்னா சின்னப் படைப்பிரிவு) நிரந்தரப் படை ஆச்சு. 1802-ல "ராயல்" பட்டம். 1942-ல கமாண்டோங்கிற அதிரடிப் படை வேலையும் சேர்ந்துச்சு. அவ்வளவுதான்.

ஆனா இந்தத் தொப்பி பேட்ஜை மட்டும் வேகமா தாண்ட முடியாது. கொஞ்சம் நின்னு பாருங்க.

(திரையில்: பேட்ஜ், பெரிதாக்கி)

நடுவுல ஒரு பூமி உருண்டை. பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுங்க ஜெயிச்ச போர்களோட பேரைக் கொடியில வரிசையா தைச்சு வைப்பாங்க. 1827-ல மரைன்ஸுக்குப் புதுக் கொடி செய்யும்போது பட்டியல்ல நூத்துக்கும் மேல போர்ப் பேருங்க இருந்துச்சு. எதை எடுக்க, எதை விட? நாலாம் ஜார்ஜ் மன்னர் எல்லாத்தையும் விட்டுட்டு, மொத்த உலகத்தையே கொடுத்துட்டார். போர்ப் பேருன்னு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: ஜிப்ரால்டர், 1704.

இன்னொரு விஷயம். அமெரிக்க மரைன்ஸ் பேட்ஜிலயும் உருண்டை உண்டு, 1868-ல வந்தது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. அமெரிக்காக்காரங்க உருண்டையில தெரியறது மேற்குப் பாதி. பிரிட்டன் உருண்டையில கிழக்குப் பாதி, அதாவது ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. நம்ம இந்தியாவும் இலங்கையும் இருக்கிற பக்கம். ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு உலகம்! எனக்கு இதைவிட அழகான ராணுவச் சின்னம் கிடையாது. உங்களுக்கு வேற தெரிஞ்சா கமென்ட்ல போடுங்க.

சரி, சுரங்கத்துக்கு வருவோம். கமாண்டோவோட அடையாளமான பச்சைத் தொப்பி வேணும்னா பயிற்சியோட கடைசியில நாலு சோதனை, அடுத்தடுத்து. முதல்ல வர்றது எண்டியூரன்ஸ் கோர்ஸ். இடம் இங்கிலாந்தோட டெவன் மாவட்டம், உட்பரி காமன். மொத்தம் 6 மைல், 73 நிமிஷம். முதல் 2 மைல் சேறு, குட்டை, சுரங்கம். மிச்சம் 4 மைல், ஈர பூட்ஸோட லிம்ப்ஸ்டன் முகாமுக்கு ஓட்டம்.

அந்த முதல் 2 மைல்ல மூணு மூணு பேரா போவாங்க. ஏன் மூணு? ஷீப் டிப்பைப் பாருங்க, புரியும். ஒருத்தர் உள்ள போகும்போது பின்னாடி ஒருத்தர் தள்ளணும், அந்தப் பக்கம் ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுக்கணும். உள்ள போறவர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: ஒண்ணுமே செய்யாம இருக்கிறது. மூச்சை இழுத்துக்கணும், கையை முன்னாடி நீட்டணும், உடம்பைக் குச்சி மாதிரி வச்சுக்கணும். நீந்தப் பார்த்தா முழங்கால் மடங்கும், இடுப்புப் பட்டையில இருக்கிற பை சுவத்துல இடிக்கும். பயந்து தலையைத் தூக்கினா மேல முட்டும். மூணே செகண்ட்ல முடிய வேண்டியது, பதறினா நீண்டுகிட்டே போகும். நீச்சல் தெரியுமான்னு பார்க்கிற சோதனை இல்ல இது. கூட இருக்கிறவன் கையை நம்புறியான்னு பார்க்கிறது.

ஆனா நிறைய பேர் மாட்டுறது தண்ணியில இல்ல, அதுக்கப்புறம் வர்ற வறண்ட சுரங்கங்கள்ல. முழங்கையும் முட்டியும் சரளைக்கல்லுல தேய தவழணும். அப்போ துப்பாக்கி தரையில இழுபடும். குழாய் வாயில மண் போகும், அசையுற பாகங்கள்ல மணல் ஏறும். அதனால என்னன்னு கேக்கறீங்களா?

4 மைல் ஓடி முகாமுக்கு வந்ததும் சோதனை முடியல. நேரா சுடுதளம். 25 மீட்டர்ல சின்ன இலக்கு, 200 மீட்டர் தூரத்துல ஆள் நிக்கிற அளவுக்குக் கணக்குப் பண்ணி வச்சது. பத்து குண்டு, ஆறு படணும். அதே துப்பாக்கி, அதே சேறு. நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை நடுங்கும். நடுவுல துப்பாக்கி சிக்கிக்கிட்டா, ஓடின ஓட்டம் அத்தனையும் வீண். அதனாலதான் விவரமானவங்க தவழும்போதே துப்பாக்கியைக் கைக்குழந்தை மாதிரி மார்போட தூக்கி வச்சுக்குவாங்க. சண்டையில போய்ச் சேர்றது பாதி வேலை, சேர்ந்த பிறகு சுடறது மீதின்னு இந்த ஒரு சோதனை சொல்லிக் கொடுத்துடுது. இதை வடிவமைச்ச மூளையை நான் மனசாரப் பாராட்டுறேன்.

ரெண்டாவது, 9 மைல் வேக நடை, 90 நிமிஷம். ஏத்தத்துல நடை, சமதரையிலயும் இறக்கத்துலயும் ஓட்டம், குழுவா.

மூணாவது டார்சான் கோர்ஸ். உயரத்துல கட்டின கயிறுங்க, கடைசியில 30 அடிச் சுவத்துல கயிறு பிடிச்சு ஏறணும். 13 நிமிஷம். அதிகாரியா இருந்தா 12.

நாலாவது, டார்ட்மூர் மேட்டுநிலத்துல 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். 8 மணி நேரம். அதிகாரிக்கு 7. கவனிச்சீங்களா? மத்த இடத்துல பதவி உயர்ந்தா வேலை குறையும். இங்க நேரம் குறையுது. அதிகாரி கடைசியில வந்து மூச்சு வாங்கிட்டு நின்னா, அடுத்து என்ன செய்யணும்னு யார் யோசிக்கிறது?

30 மைல் எதுக்குன்னு கேட்டா, 1982-ல அர்ஜென்டினாவோட நடந்த ஃபாக்லாந்துப் போரைப் பாருங்க. பிரிட்டனோட அட்லாண்டிக் கன்வேயர்ங்கிற சரக்குக் கப்பல் ஏவுகணையில எரிஞ்சு, அதுல வந்த சினூக் ஹெலிகாப்டருங்கள்ல மூணு போச்சு. ஒண்ணே ஒண்ணு தப்பிச்சது. ராயல் மரைன்ஸோட "45 கமாண்டோ"ங்கிற படைப்பிரிவு நடந்தே போனாங்க: ஆளுக்கு 36 கிலோ சுமை, மூணு நாள்ல சுமார் 90 கிலோமீட்டர், சதுப்பு நிலத்துல. அதே போர்ல, ராயல் மரைன்ஸ் பேண்ட் வாத்தியக்காரங்க டிரம்மை வச்சுட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கினாங்க. போர்க்காலத்துல அதுவும் அவங்க வேலை.

30 மைல் முடிஞ்ச இடத்துலயே, மேட்டுநிலத்துல, பூட்ஸ்ல சேறு காயறதுக்கு முன்னாடி, பச்சைத் தொப்பியைக் கையில கொடுத்துடுவாங்க. தலையில வச்சுக்கிட்டு அப்படியே வண்டி ஏற வேண்டியதுதான்.