அதிர்ஷ்டம் ஆட்டத்துக்குள் வரட்டும், வாசலில் வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ரோல்பிளே விளையாட்டுகளில் பாத்திரத்தை உருவாக்கச் சிறந்த வழி பகடை உருட்டுவதா, புள்ளிகளைப் பங்கிடுவதா என்பது தலைப்பு. ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரமாகி, எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை ஆடுவதுதான் இந்த விளையாட்டு. பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்ற பண்புகளுக்கான எண்களைப் பகடையிடம் விடுவது ஒரு வழி; எல்லாருக்கும் ஒரே அளவு புள்ளி கொடுத்து, அவரவரே பண்புகளுக்குப் பிரித்துக்கொள்வது இன்னொரு வழி. புள்ளிகளைப் பங்கிடுவதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் பகடைதான் மரபு என்றார். பகடை உருட்டினால்தான் நாம் நினைத்தே பார்க்காத பாத்திரம் கிடைக்கும், புள்ளி என்றால் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது போல வந்து நிற்பார்கள் என்றார். கடைசியாக, "பிறப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டா இந்த உலகத்துக்கு வந்தோம்?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கினார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஒன்றை அவர் தொடவே இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அணிக்குப் பகடைமேல் எந்தக் கோபமும் கிடையாது. எதிரே டிராகன் நிற்கும்போது, இருபது முகப் பகடையை ஒருவர் கையில் குலுக்க, மற்ற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோமே, அந்த நொடிக்காகத்தான் நானும் விளையாடுகிறேன். அந்த உருட்டல் சொதப்பினால் என்ன ஆகும்? வாள் குறி தவறும், பூட்டு திறக்காது. கொஞ்ச நேரத்தில் அடுத்த வாய்ப்பு வந்துவிடும். பாத்திரத்தை உருவாக்கும்போது உருட்டுகிறோமே, அதன் கதை வேறு. அந்த எண்கள் கேம்பெயின், அதாவது தொடர்கதையாக நீளும் அந்த முழு ஆட்டம், முடியும்வரை கூடவே வரும். வாராவாரம் கூடி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆடுகிற குழுக்கள் இருக்கின்றன. அத்தனை நாளையும் முதல் நாள் பத்து நிமிடத்தில் விழுந்த எண்கள் தீர்மானிக்கலாமா? என் வாதத்தின் அடிவேர் இந்தக் கேள்விதான், நடுவர் அவர்களே.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இன்று பரவலாக உருட்டும் முறை, நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, குறைந்த எண்ணைத் தள்ளிவிட்டு மீதி மூன்றைக் கூட்டுவது. வலிமை, சுறுசுறுப்பு, உடல்திடம், அறிவு, விவேகம், கவர்ச்சி என்ற ஆறு பண்புகளுக்கு ஆறு முறை. இதில் ஒருமுறையாவது 18 விழ 9 சதவீதத்துக்குச் சற்று மேல் வாய்ப்பு. ஆறில் ஒன்றுகூட 15-ஐத் தொடாமல் போக 20 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அதாவது ஐந்து பேர் ஆட உட்கார்ந்தால், சராசரியாக ஒருவர் முதல் நாளே பின்தங்கிவிடுகிறார்.

அந்த ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். அவருக்கு விழுந்தது 14, 12, 11, 10, 9, 7. அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கு 18, 16, 15, 13, 12, 10. இருவருக்கும் மந்திரவாதியாக ஆசை, இருவரும் பெரிய எண்ணை அறிவில் வைக்கிறார்கள். எல்ஃப், ட்வார்ஃப் என்று பாத்திரத்தின் இனத்துக்கு விதி தரும் கூடுதலை இரு பக்கமும் விட்டுவிடுவோம். இவ்வகை விளையாட்டுகளில் பேர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், அதாவது 2014 விதிகளில், அறிவின் எண்ணால் கிடைக்கும் கூடுதல் ஒருவருக்கு +2, மற்றவருக்கு +4. முதல் நிலையில் நம்மவர் மூன்று மந்திரங்களைத் தயார் செய்துகொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர் ஐந்து. நம்மவரின் மந்திரத்தை எதிரி உதறிவிட்டு வருகிற அதே சுற்றில், மற்றவருடையது எதிரியைக் கட்டிப்போடுகிறது. நான்காம் நிலையில் பண்பை உயர்த்த வாய்ப்பு வருகிறது, நம்மவர் 16 ஆக்குகிறார். எட்டாம் நிலையில் 18. பல மாதங்கள் ஆடி, பக்கத்து நாற்காலிக்காரர் முதல் நாள் நின்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். அவரோ நான்காம் நிலையிலேயே 20-ஐத் தொட்டாயிற்று.

தோற்பது வலிக்காது, நண்பர்களே. கதையில் தோற்பதற்கும் ஒரு சுவை உண்டு. தான் செய்ய நினைக்கிற ஒவ்வொன்றையும் பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட நன்றாகச் செய்வார் என்று தெரிந்துகொண்டே வாராவாரம் வந்து உட்காருவதுதான் வலிக்கும். கடைசியில், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் இரக்கப்பட்டு, அவருக்கென்றே ஒரு மந்திரப் பொருளைப் புதையலில் வைக்க வேண்டியிருக்கிறது. முதல் நாள் செய்திருக்க வேண்டிய பங்கீடு அது, பாதிக் கதையில் வேறு உருவத்தில் நடக்கிறது.

இனி மரபுக்கு வருவோம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் விதிகளில் மூன்று பகடை, விழுந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்துக்கு அது பொருந்தியது என்று மனதார ஒப்புக்கொள்கிறேன். பாத்திரத்தை நொடியில் உருவாக்கலாம், நிலவறைக்குள் போனதும் அது செத்தும் போகலாம், உடனே அடுத்ததை உருட்டலாம். மோசமான எண் வந்தாலும் அதன் ஆயுள் குறைவு. ஆயுள் நீண்டதும் விதியும் மாறத் தொடங்கியது. 1979-ல் வந்த கேம் மாஸ்டர் கையேட்டிலேயே நான்கு பகடை உருட்டிக் குறைந்ததைத் தள்ளு, எண்களை வேண்டிய இடத்தில் வை என்று வந்துவிட்டது. அப்புறம் ஆடுபவர்களே சேர்த்துக்கொண்டவை: 1 விழுந்தால் மறுபடி உருட்டு, மொத்தமும் மோசமென்றால் முழுசாக உருட்டு. பகடையின் தீர்ப்புக்குத் தலைவணங்குகிறவர்கள் ஏன் இத்தனை மேல்முறையீடு செய்ய வேண்டும்?

புள்ளிப் பங்கீடு நேற்று வந்ததும் அல்ல. 1977-ல் வந்த மெலீ என்ற சிறு விளையாட்டிலேயே வலிமைக்கும் சுறுசுறுப்புக்கும் 24 புள்ளிகளைப் பங்கிட்டார்கள். 1981-ல் சாம்பியன்ஸ், 1986-ல் கர்ப்ஸ் என்ற விளையாட்டுகளும் இதே வழியில் வந்தன. எங்கள் பக்கத்து மரபுக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 விதிகளில் பாலடின் என்ற புனித வீரன் ஆக வேண்டுமானால் கவர்ச்சிப் பண்பு 17 இருந்தாக வேண்டும். நான்கு பகடை உருட்டியும் பத்தில் ஏழு பேருக்கு ஓர் இடத்தில்கூட 17 விழாது. தீமையை எதிர்த்து நிற்கும் வீரனாக வேண்டும் என்று கனவோடு வந்தவரிடம், இன்று முடியாது, வேறு ஏதாவது எடுத்துக்கொள் என்றது பகடை. அந்த ஏமாற்றத்தை எந்த மரபின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

எல்லாரும் ஒரே அச்சு என்ற குற்றச்சாட்டுக்கு, ஒரு வைத்தியப் பெண்ணை இங்கேயே உருவாக்கிக் காட்டுகிறேன். ஐந்தாம் பதிப்பில் 27 புள்ளிகள். எல்லாப் பண்பும் 8-ல் தொடங்கும், 15-க்கு மேல் வாங்க முடியாது. 13 வரை படிக்கு ஒரு புள்ளி, 14-க்கும் 15-க்கும் படிக்கு இரண்டு. விவேகம் 15, அதற்கு 9 புள்ளி போயிற்று. அறிவு 14, ஏழு. கவர்ச்சி 13, ஐந்து. உடல்திடம் 12, நான்கு. மீதி இரண்டு. அதைச் சுறுசுறுப்பில் போட்டால் 10. வலிமைக்கு ஒன்றும் மிச்சமில்லை, 8-லேயே நிற்கிறது. ஆக, எந்தக் காயத்தையும் ஆற்றத் தெரிந்தவள், ஆனால் விழுந்து கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு ஓட அவளால் முடியாது. இப்போது வலிமையையும் உடல்திடத்தையும் மட்டும் இடம் மாற்றுங்கள். எவரையும் தோளில் போட்டுக்கொண்டு வருவாள், ஆனால் அவளே நோயாளி. ஊரையே குணப்படுத்துகிறவளுக்குத் தன் உடம்பைக் குணப்படுத்த வழியில்லை. அதே 27 புள்ளிகள், இரண்டு வேறு பெண்கள். ஒன்றைப் பெற எதை விட்டுக்கொடுக்கிறாள் என்று முடிவு செய்த இடத்தில் கதை பிறந்துவிட்டது. உருட்டுகிறவர்களும் மந்திரவாதிக்கு அறிவில்தான் பெரிய எண்ணை வைக்கிறார்கள். நண்பர் சொன்ன வியப்பு முழுமையாக வேண்டுமென்றால் விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும். அதற்கு இன்று எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள்?

நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. "வீட்டிலேயே உருட்டிவிட்டேன், இரண்டு 18" என்று ஒருவர் வருகிறார். அதற்கு ஆயிரத்தில் நான்கு அளவுக்குத்தான் வாய்ப்பு, ஆனால் நடக்கக்கூடியதுதான். அவர் நேர்மையானவர் என்றே வையுங்கள். அப்போதும் மற்றவர்கள் பார்வையில் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துவிடும், அதைத் துடைக்க அவரிடம் எந்தச் சாட்சியும் இருக்காது. புள்ளிக் கணக்கை யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பிறப்பு. நண்பர் சொன்னது உண்மைதான், நம் உயரத்தையும் உடல்பலத்தையும் கேட்டா கொடுத்தார்கள்? யாரையும் கேட்காமல் எழுதப்பட்ட தலையெழுத்தோடு நாள் முழுக்க வாழ்ந்துவிட்டுத்தான் இந்த மேசைக்கு வருகிறோம். இங்கேயாவது, நான் யாராக இருக்க ஆசைப்படுகிறேன் என்று ஒருவர் என்னைக் கேட்கட்டும். கேட்டுவிட்டு, எல்லாருக்கும் கொடுத்த அதே 27 புள்ளிகளை என் கையிலும் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு எத்தனை பகடை வேண்டுமானாலும் உருட்டுங்கள், நானும் சேர்ந்து உருட்டுகிறேன்.

புள்ளிப் பங்கீட்டின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.