பச்சைக் கறி கேட்கும் நாய்த் தட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டு நாய்க்குப் பச்சைக் கறி கொடுக்கலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த காலத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். அன்றைக்கு வீட்டு நாய்க்குச் சாப்பாடு என்றால் மிச்சம் மீதி, தயிர்சோறு, ஞாயிற்றுக்கிழமை குழம்பில் கிடந்த எலும்பு. அப்புறம் பாக்கெட் தீனி வந்தது. இப்போது அந்தப் பாக்கெட்டையும் ஒதுக்கிவிட்டு, விடிந்ததும் கோழிக்கடை வாசலில் நின்று, "அண்ணே, கழுத்து அரைக்கிலோ, நாய்க்கு" என்று வாங்கிப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நாய்மேல் இவ்வளவு அக்கறையா என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அக்கறையில் இரண்டு விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று கால்சியம். இன்னொன்று நீர்க்கட்டி. இந்த இரண்டைப் பற்றி என் வீட்டில் பேசினால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை அணைக்காமல் இருந்தால் போதும்.

இந்தப் பழக்கம் பரவத் தொடங்கியது ஆஸ்திரேலியாவிலிருந்து. அங்கே இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்றொரு கால்நடை மருத்துவர் 1993இல் ஒரு புத்தகம் எழுதினார். பாக்கெட் தீனி வேண்டாம், சதை ஒட்டிய பச்சை எலும்பைக் கொடுங்கள், கூடவே கொஞ்சம் ஈரல், முட்டை, காய்கறி கொடுங்கள் என்றார். கவனியுங்கள், அவர் சொன்னதில் முதலிடம் எலும்புக்கு. நம் ஊரில் கைபேசியில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறவர்கள் எலும்பை விட்டுவிட்டுக் கறியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பம். அதற்கு வருகிறேன்.

முதலில், எல்லோரும் கேட்கிற கேள்வி. "டாக்டர், நாய் ஓநாய் வம்சம்தானே? ஓநாய் என்ன குக்கரா வைத்திருக்கிறது?" நல்ல கேள்விதான். ஆனால் ஓநாய் மனிதனோடு சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. 2013இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான் இருக்கிறது, நாயிடம் 4 முதல் 30 பிரதி வரை இருக்கிறது என்று காட்டினார்கள். மனிதன் விதைத்து அறுத்துச் சோறு பொங்க ஆரம்பித்த பிறகு, அவன் வீட்டுப் புறக்கடையைச் சுற்றி வந்த பிராணி சோற்றுக்கும் பழகிக்கொண்டது. நம் தெற்குச் சீமையில் சிப்பிப்பாறை நாய்க்குக் கூழை ஊற்றிவிட்டுத்தான் முயல் வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள். ஆக, பச்சைக் கறி நாய்க்குச் செரிக்கும். வெந்த கறியும் செரிக்கும். சோறும் ஓரளவு செரிக்கும்.

"இல்லை டாக்டர், மாற்றிய பிறகு முடி மின்னுகிறது, மலம் குறைந்துவிட்டது, நாற்றமும் இல்லை" என்பார்கள். நம்புகிறேன், உண்மைதான். தயிர்சோற்றில் கிடந்த நாய்க்கு நல்ல புரதமும் கொழுப்பும் கிடைத்தால் முடி மின்னாமல் என்ன செய்யும்? செரிக்காத மிச்சம் குறைந்தால் மலமும் குறையும். ஆனால் அது கறியின் பலன். அதே கறியை லேசாக வேகவைத்துப் போட்டாலும் முடி மின்னும். இதை இன்னொரு தரம் சொல்கிறேன், நான் சொல்லவந்ததே இதுதான்: நாய்க்கு நல்லது செய்தது கறி. பச்சையாக இருந்ததால் வந்த லாபம் மிகக் குறைவு, கூட வருகிற ஆபத்து அதிகம்.

சரி, கால்சியத்துக்கு வருவோம்.

ஒரு வீட்டிலிருந்து லாப்ரடார் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணவன், மனைவி, கூடவே கணவரின் அம்மா. குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது, ஆனால் கால்கள் நிற்க மாட்டேன் என்கின்றன. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருக்கின்றன. தொட்டாலே கத்துகிறது. "மாடிப்படியில இருந்து குதிச்சுட்டான் டாக்டர், அதுல சுளுக்கு" என்றார் அந்தப் பையன். இரண்டு படி, அவ்வளவுதானாம். இரண்டு படிக்கு லாப்ரடார் குட்டியின் கால் உடையாது.

"என்ன சாப்பிடுகிறான்?"

"எல்லாமே பெஸ்ட்தான் டாக்டர். பாக்கெட் தீனி தொடுறதே இல்ல. காலையில போன்லெஸ் சிக்கன், சாயங்காலம் போன்லெஸ் சிக்கன், நடுவுல ஈரல். எல்லாம் பச்சையா."

"எலும்பு?"

"ஐயோ, தொண்டையில குத்திடுமே, அதனால கொடுக்கிறதே இல்ல."

அந்த அம்மா இடையில் புகுந்து, "நாங்க திங்கிறதைவிட இதுக்குத்தான் சார் செலவு" என்றார்.

எக்ஸ்ரே எடுத்தோம். ஆரோக்கியமான குட்டியின் எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இதில் சதை எது, எலும்பு எது என்று பிரித்துப் பார்க்கவே சிரமமாக இருந்தது. எலும்பின் வெளிச்சுவர் காகிதம்போல மெலிந்து கிடந்தது, தொடை எலும்பு ஓர் இடத்தில் மடங்கியிருந்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "சிக்கன்ல கால்சியம் இல்லையா?" என்று கேட்டார். அதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் கேட்காத கேள்வி.

எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் 10, 15 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். பாஸ்பரஸ் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நாயின் உடம்புக்கு வேண்டியது இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் சற்றுக் கூடுதலாக. கறியில் வருவது தலைகீழ். இரத்தத்தில் கால்சியம் குறைய விடக் கூடாது, குறைந்தால் இதயமே தடுமாறும். அதனால் கழுத்தில் இருக்கிற பாராதைராய்டு சுரப்பி என்ன செய்கிறது? எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி இரத்தத்துக்கு அனுப்புகிறது. சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிற குடும்பத்தைப் போல, வெளியே ஒன்றும் தெரியாது. குட்டி எடை ஏறும், முடி மின்னும், விளையாடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ஒருநாள் இரண்டு படி குதிக்கும்.

"பால் கொடுக்கிறோமே" என்றார் மாமியார். லாப்ரடார் குட்டி மாதிரி பெரிய இனத்துக்கு வளரும்போது ஒரு நாளைக்குச் சில கிராம் கால்சியம் வேண்டும். மில்லிகிராம் இல்லை, கிராம். ஒரு லிட்டர் பசும்பாலில் இருப்பது 1.2 கிராம் அளவு. எத்தனை லிட்டர் ஊற்றுவீர்கள்? வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். சரி, மருந்துக்கடையில் கால்சியம் மருந்து வாங்கி நாமே ஊற்றலாமா? பெரிய இனக் குட்டிக்கு அது கூடினாலும் எலும்பு கோணும். அதனால்தான் சொல்கிறேன், வளரும் குட்டியிடம் இந்த விளையாட்டே வேண்டாம்.

அந்தக் குட்டிக்கு என்ன வைத்தியம் செய்தோம்? ஊசி ஒன்றும் பெரிதாக இல்லை. சின்ன இடத்தில் அடைத்து ஓடவிடாமல் வைக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கிற முழுச்சத்துப் பாக்கெட் தீனியைச் சொன்னேன். அந்தப் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோழியிலிருந்து பாக்கெட்டுக்கு இறங்குவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது போலும். ஆனால் செய்தார்கள். சில வாரங்களில் குட்டி எழுந்து நடந்தது. வளைவு மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டது.

போகும்போது மாமியார் சொன்னார்: "எங்க ஊர்ல கேப்பைக்கூழ் குடிச்ச நாய் எல்லாம் நேராத்தான் சார் நின்னுச்சு." எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு. அதெல்லாம் அப்படியே உடம்பில் சேர்ந்துவிடாது. ஆனால் அந்த ஊர் நாய் கூழோடு நிற்கவில்லையே. எலி பிடித்தது, ஊரில் கிடந்த எலும்பையெல்லாம் மென்றது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிற குட்டிக்கு நாம் தட்டில் வைத்தது மட்டும்தான்.

வளர்ந்த நாய்க்கு வீட்டிலேயே கறி கொடுக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வையுங்கள். எலும்பில்லாத கறி அரைக்கிலோவுக்கு அரைத் தேக்கரண்டித் தூள். குத்துமதிப்பான அளவுதான். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரில் கல் என்று தொந்தரவு உள்ள நாய் என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். செலவு? தூக்கிப்போடுகிற ஓடுதானே.

இடையில் ஒன்று. சுத்த சைவக் குடும்பம் ஒன்று தங்கள் நாய்க்குப் பச்சைக் கறி கொடுத்துப் பார்க்க ஆசைப்பட்டது. சமையலறைக்குள் கறி நுழையக் கூடாது. அதற்காகக் கார் நிறுத்துமிடத்தில் தனியாக ஒரு சின்ன பிரிட்ஜ், தனிக் கத்தி, தனிப் பலகை. வேடிக்கை என்னவென்றால், அசைவ வீடுகளைவிட அவர்கள்தான் இதைச் சுத்தமாகச் செய்தார்கள்! அசைவ வீட்டில் நாயின் கோழியும் நம் தக்காளியும் ஒரே பலகையில் நறுக்கப்படுகின்றன.

இப்போது நீர்க்கட்டி.

பணியில் இருந்தபோது கொஞ்ச காலம் நகராட்சி ஆடுதொட்டியில் கறி பரிசோதிக்கிற வேலை பார்த்தேன். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவ்வப்போது வெள்ளையாகக் கட்டி தெரியும். சிலது கோலிக்குண்டு அளவு, சிலது எலுமிச்சை அளவு. கீறினால் தெளிந்த நீர். கறிக்காரர் அந்தப் பகுதியை வெட்டி வாசலில் நிற்கிற நாய்க்கு எறியப் போவார், நான் கத்துவேன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்று புரியாது. "நாய்க்குத்தானே சார்" என்பார்.

நாய்க்குத்தான் கொடுக்கக் கூடாது. அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்கிற நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் தின்றால் அதன் குடலில் ஆயிரக்கணக்கில் வளரும். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே சரியாகப் படாது. நாய்க்கு ஒரு தொந்தரவும் இராது. ஏழெட்டு வாரத்தில் அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்கும். நாய் தன் பின்பக்கத்தை நக்கும், அதே நாக்கால் உடம்பை நக்கும், குழந்தை அந்த உடம்பைக் கட்டிப்பிடிக்கும், கழுவாத கையோடு முறுக்குத் தின்னும். முட்டை குழந்தையின் வயிற்றுக்குப் போய், ஆட்டுக்கு வந்த அதே கட்டி ஈரலில் வளர ஆரம்பிக்கும். வருஷக்கணக்கில் மெதுவாக வளரும். அறுவை சிகிச்சையில் கட்டி உடைந்து நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். அதனால் அறுவை மருத்துவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாகத் தொடுவார்கள்.

திரும்பச் சொல்கிறேன், பாதியில் கேட்கிறவர்களுக்காக. ஆடு, மாட்டின் ஈரல், நுரையீரல், இதயம் எதையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள். உள்வரை வெந்தால் அந்தப் பயம் போய்விடும். ஏற்கெனவே போட்டுப் பழகியிருந்தால், பூச்சி மருந்து வாங்கும்போது அதில் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று பாருங்கள். பைப்பரசின் மட்டும் இருக்கிற மருந்து உருண்டைப் புழுவுக்குத்தான், நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பன்றிக்கறி பச்சையாகக் கூடவே கூடாது, அதற்குக் காரணம் வேறு, ஒரு வைரஸ், அதை இன்னொரு நாள் பேசலாம்.

அப்புறம் கிருமி. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருக்கலாம். நாய்க்கு ஒன்றும் செய்யாமலேயே அதன் மலத்தில் வெளியேறலாம். பிரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாகாது, தூங்கும். கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கிற நீரோடு அடுப்பு மேடை முழுக்கப் பரவும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012இலேயே பச்சை உணவு வேண்டாம் என்று அறிவுறுத்தியது. நம் வெயிலில் தட்டில் கறி எவ்வளவு நேரம் கிடக்கலாம்? கால் மணி நேரத்தில் தின்னவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய் மருந்து எடுக்கிறவர் இருக்கிற வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம். எப்படி மாற்றுவது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேகவைத்ததோ பச்சையோ, ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். முதலில் ஒரே வகைக் கறி. தோல், கொழுப்பை நீக்குங்கள், கொழுப்பு அதிகமானால் நாய்க்குக் கணையம் வீங்கலாம். எலும்பு விஷயம்: பிரியாணி எலும்பு, குழம்பு எலும்பு கூடவே கூடாது, வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். மாட்டு நல்லி எலும்பு பல்லை உடைக்கும். பச்சைக் கோழிக் கழுத்து கொடுக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கொடுங்கள், அப்படியே விழுங்குகிற நாய்க்கு வேண்டாம். மலம் சுண்ணாம்புபோல வெளுத்து இறுகினால் எலும்பு அதிகம். வாந்தி தொடர்ந்தால், மலத்தில் இரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வெங்காயம், திராட்சை எந்த வடிவிலும் வேண்டாம்.

பூனை வளர்க்கிறவர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரே வரி: பறவைக் காய்ச்சலுக்கு நாயைவிடப் பூனை சீக்கிரம் பலியாகும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 2024 டிசம்பரில் பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை ஒன்று அப்படித்தான் இறந்தது. பூனைக்குக் கோழியை வேகவைத்தே போடுங்கள். வணக்கம்.